மண் மூடுமுன் குளத்தை அகச்சிவப்பில் எடுத்து வைப்பது எப்படி

திருகோணமலையில் நிலாவெளிக்குப் போகிற வீதியிலிருந்து உள்ளே விலகினால் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. பெயர் போட மாட்டேன். எங்கள் பக்கத்தில் பலர் தூண்டில் போடப் பழகியது அங்கேதான். இப்போது ஒரு மூலையில் டிப்பரில் கிரவல் வந்து கொட்டுகிறது, மறு மூலையிலிருந்து சல்வீனியா என்ற மிதக்கிற களை படர்ந்து வருகிறது, அடியில் வண்டல் ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் எத்தனை மாரிக்குத் தாங்கும் என்று வலைக்காரரிடம் கேட்டால் பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைக்கிறார்கள்.

எனக்கு டவுனில் ஸ்டூடியோ. கல்யாணம், சாமத்தியவீடு, பாஸ்போட் படம், இதுதான் பிழைப்பு. குளத்தைக் கலரில் எத்தனையோ தரம் எடுத்து வைத்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் உதவாது. கரைப் புல் பச்சை, தண்ணீரை மூடிய சல்வீனியா பச்சை, அப்பால் வயலும் பச்சை. படத்தைப் பார்க்கிற அதிகாரி "குளம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதே இடத்தில் அகச்சிவப்பில் எடுத்தால் உயிருள்ள இலையெல்லாம் வெள்ளை, திறந்த தண்ணீர் கறுப்பு. மிச்சமிருக்கிற தண்ணீரை விரலால் சுற்றிக் காட்டலாம். கனவு மாதிரிப் படம் வேண்டும் என்று அகச்சிவப்புக்கு வருகிறவர்களே அதிகம். நான் சொல்வது சாட்சிக்கு எடுக்கிற முறை. அழகு தானாக வரும், அதற்காக மினக்கெட வேண்டாம்.

ஏன் இப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பிறகு வரும் முடிவுகளெல்லாம் சுலபம். நம் கண் ஏறத்தாழ 700 நானோமீற்றரோடு நின்றுவிடும். கமராவின் சென்சர் சிலிக்கன் என்பதால் 1000க்கு மேலும் பார்க்கும். இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியைத் தின்னும், 700க்கு அப்பாலுள்ளதைத் தொடாது. அந்த ஒளி இலைக்குள் புகுந்து, கலங்களுக்கு இடையிலுள்ள காற்று இடைவெளிகளில் பட்டுத் தெறித்து வெளியே வந்துவிடும். அதனால்தான் இலை வெளுக்கிறது. தண்ணீர் அதே ஒளியை விழுங்கிவிடும். தெளிந்த வானமும் அகச்சிவப்பில் இருண்டது, அந்த இருட்டுத்தான் தண்ணீரில் தெரிகிறது. ரொபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910இல் இப்படியான படங்களை வெளியிட்டார், இலை வெளுப்பதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பச்சைப் பெயின்ற் பூசி மறைத்ததையும் உண்மையான மரத்தையும் பிரித்தறிய அகச்சிவப்புப் பிலிம் செய்தார்கள். நமக்கு அது வேறு விதத்தில் உதவும்: கொட்டின மண்ணை மூட விரிக்கிற பச்சைப் படங்கும் (தார்ப்பாய்) பக்கத்துப் புல்லும் கண்ணுக்கு ஒன்று போல இருந்தாலும் படத்தில் பெரும்பாலும் ஒன்றாக விழாது.

சரி, கமரா. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஏறத்தாழ எல்லா டிஜிட்டல் கமராவிலும் சென்சருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கிற ஒரு கண்ணாடி உண்டு. எவ்வளவு தடுக்கும் என்பது கமராவுக்குக் கமரா மாறும். சோதிக்க டீவி ரிமோட் போதும். அறையை இருட்டாக்கி, ரிமோட்டின் நுனியைக் கமராவுக்குக் காட்டிப் பொத்தானை அமத்திக்கொண்டு ஒரு படம் எடுங்கள். நுனியில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ பொட்டு ஒன்று பளிச்சென்று தெரிந்தால் உங்கள் கமரா தோது. மங்கலாகத் தெரிந்தாலும் வேலை நடக்கும், நேரம்தான் கூடப் பிடிக்கும். பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.கள் இந்த விசயத்தில் புதியவற்றைவிட நல்லவை. நான் பாவிப்பது நிக்கோன் டி70, 2004இல் வந்த 6 மெகாபிக்சல் கமரா. அந்தக் காலத்துக் கல்யாணமெல்லாம் எடுத்து ஓய்ந்து லாச்சிக்குள் கிடந்தது. அதன் தடுப்புக் கண்ணாடி பலவீனம், அது இங்கே வரம். உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒன்று கட்டாயம் தூசி பிடித்துக் கிடக்கும். அதற்குரிய சி.எஃப். மெமரி கார்ட்டும் அதை வாசிக்கிற ரீடரும் சேர்த்தே கேளுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம்.

தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ட்ரைபொட் இல்லாமலே எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை வீட்டில் ஸ்குரூ ட்ரைவரோடு இருந்து செய்யாதீர்கள். ஃபிளாஷுக்கு மின்சாரம் தேக்கி வைக்கிற கொண்டென்சர் உள்ளே இருக்கிறது, பற்றரியைக் கழற்றின பிறகும் 300 வோல்ற்றுக்கு மேல் அடிக்கும். நம் வேலைக்கு ட்ரைபொட் எப்படியும் வேண்டும், ஆகவே கமராவைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது பில்டர். 720 நானோமீற்றர் வகை வாங்குங்கள். ஹோயா ஆர்72 என்பது பலருக்கும் தெரிந்த பெயர், விலை குறைந்த மற்றக் கம்பனிகளும் 720 செய்கின்றன. 850 வகையில் கறுப்பும் வெள்ளையும் இன்னும் அழுத்தமாக வரும், ஆனால் கழற்றாத கமராவில் வெளிச்சம் போதாமல் அழ வேண்டிவரும். சும்மா சிவப்புக் கண்ணாடியை அகச்சிவப்பு என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான 720 கையில் கறுப்பாகத்தான் இருக்கும். பழைய குண்டு பல்ப்பைப் பிடித்துப் பார்த்தால் உள்ளேயுள்ள கம்பி மட்டும் கடும் சிவப்பில் மங்கலாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் பில்டருக்குள்ளால் கடை போர்டை வாசிக்க முடிகிறது என்றால் திருப்பிக் கொடுங்கள். ஒரு முக்கியமான விசயம்: பில்டருக்குள்ளால் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிற ஒளி மறைவதால் கண்மணி விரியும், தெரியாத ஒளி முழுவதும் உள்ளே போய் விழித்திரையைச் சுடும். வலியே தெரியாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பில்டரைப் பெட்டிக்குள் வையுங்கள்.

லென்ஸில் ஒரு வில்லங்கம் உண்டு. சில லென்ஸ்கள் அகச்சிவப்பில் படத்தின் நடுவில் வெளுத்த வட்டம் ஒன்றைப் போடும், அப்பெர்ச்சரை, அதாவது ஒளி புகுகிற துளையை, குறுக்கக் குறுக்க அது மோசமாகும். குளத்துக்குப் போவதற்கு முன்பு வீட்டு முற்றத்திலேயே எஃப் 5.6, எஃப் 8, எஃப் 16 மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக வரவேண்டிய தண்ணீரின் நடுவில் இந்த வட்டம் விழுந்தால் பார்க்கிறவர் அங்கே சல்வீனியா இருக்கிறது என்றுதான் நினைப்பார். பொதுவாக எஃப் 8 நல்லது. அகச்சிவப்பின் ஃபோகஸ் கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலிருந்து கொஞ்சம் தள்ளி விழும், எஃப் 8 அதையும் ஓரளவு சமாளித்துவிடும். பழைய கை ஃபோகஸ் லென்ஸாக இருந்தால் தூர அளவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோ கோடோ இருக்கும். அதன் வேலையே இதுதான்: முதலில் ஃபோகஸ் பண்ணி, நிற்கிற அளவை அந்தக் குறிக்கு நேராக நகர்த்த வேண்டும்.

இனிக் குளத்தடிக்குப் போவோம்.

போகிற காலம் முக்கியம். வருசத்தில் இரண்டு தரம் போக வேண்டும். மாரி ஓய்ந்து வானம் வெளிக்கிற பெப்ரவரி ஒன்று. அப்போது குளம் நிறைந்திருக்கும், இலையெல்லாம் கழுவித் துடைத்த புது இலை, அகச்சிவப்பில் மருத மரங்கள் பால் போல வரும். மற்றது கச்சான் காற்று அடித்துக் காய்ந்த ஓகஸ்ட், செப்டெம்பர். தண்ணீர் கடைசி மட்டத்துக்குப் போயிருக்கும், காய்ந்த புல் பச்சையம் இழந்து மங்கிவிடும், எந்த மூலையில் மண் ஏறியிருக்கிறது என்பது அப்போதுதான் வெளியே வரும். ஒக்டோபருக்குப் பிறகு மழை நாட்களில் வீட்டில் இருங்கள். முகில் மூடினால் அகச்சிவப்பில் எல்லாம் சாம்பல்தான். மாரித் தண்ணீர் கலங்கியிருக்கும், கலங்கின தண்ணீர் கறுக்காது.

நேரமும் நாங்கள் பழகினதுக்கு எதிர்மாறு. கல்யாண வீட்டு அவுட்டோர் படத்துக்குப் பின்னேரம் ஐந்து மணி மஞ்சள் வெயிலைத் தேடி நிலாவெளிக்கு ஓடுவோம். இதற்குக் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. வெயில் உறைப்பாக இருக்கும், ஆனால் இன்னும் சாய்வு இருக்கும், மரத்துக்கு நிழல் இருக்கும். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் எங்கள் பக்கத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் நேரே தலைக்கு மேலே நிற்கும். அந்த நேரம் எடுத்தால் எல்லாம் தட்டையாக வரும். காலையில் இன்னொரு லாபம், காற்று இன்னும் எழும்பியிருக்காது. கச்சான் பிடித்துவிட்டால் இரண்டு செக்கன் படத்தில் பனை ஓலை புகையாகிவிடும்.

நிற்கிற இடத்தை ஒரு தரம் தெரிவு செய்தால் பிறகு மாற்றக் கூடாது. எனக்குக் குளக்கட்டில் துருசின் (தண்ணீர் திறந்துவிடுகிற மதகு) சீமெந்துச் சுவர். அது அசையாது, வளராது, யாரும் வெட்ட மாட்டார்கள். ட்ரைபொட்டின் முன் கால் சுவரின் எந்த மூலையில் படுகிறது, கமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம், லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர், ஃபோனின் திசைகாட்டி எத்தனை பாகை காட்டுகிறது, இதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். துருசில் நீர்மட்ட அளவுகோல் வரைந்திருந்தால் அந்த அளவையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று எழுதினாலும் போதும். தண்ணீர் குறைந்தது கோடையாலா மண்ணாலா என்று பிறகு ஒருவர் வாதாடினால் பதில் அந்த வரியில்தான் இருக்கும். இரண்டாவது இடமாக வான் (மிகைத் தண்ணீர் வழிகிற இடம்) பக்கத்தில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தண்ணீருக்குள் இறங்கி எடுக்க ஆசை வரும். வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை உண்டு, கோடையில் தண்ணீர் சுருங்கச் சுருங்க அது கரைக்குக் கிட்ட வரும். கந்தளாய், முதலிக்குளம் பக்கம் என்றால் யானையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு திருகோணமலையில் படம் எடுக்கிறவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: முகாம் ஏதாவது ஃபிரேமுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு ட்ரைபொட்டை விரியுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட கமராவோடு குளக்கட்டில் நெடுநேரம் நிற்கிற ஆளைக் கண்டால் யாரும் விசாரிப்பார்கள். நானாக முதலே போய் வணக்கம் சொல்லி ஒரு படத்தைக் காட்டிவிடுவேன், தொல்லை இருக்காது.

எடுக்கிற ஒழுங்கு இது. பில்டர் போட்டால் பார்வைத் துளைக்குள் ஒன்றும் தெரியாது. ஆகவே பில்டர் இல்லாமலே ஃபிரேம் வைத்து, ஃபோகஸ் பிடித்து, ஓட்டோ ஃபோகஸை நிற்பாட்டிவிட்டு, முதலில் ஒரு சாதாரணக் கலர்ப் படம் எடுங்கள். இதை மறக்காதீர்கள். அகச்சிவப்பில் கரைப் புல்லும் சல்வீனியாவும் இரண்டுமே வெள்ளை, எது எது என்று பிரித்துச் சொல்ல அந்தக் கலர்ப் படம் பக்கத்தில் வேண்டும். அப்புறம் பில்டரை மெதுவாகச் சுற்றிப் பூட்டுங்கள், லென்ஸ் அசையக் கூடாது. பார்வைத் துளையைக் கறுப்பு ரேப்பால் மூடுங்கள், பின்னாலிருந்து புகுகிற வெயில் படத்தை வெளுக்க வைக்கும். லைவ் வியூ உள்ள கமரா என்றால் பில்டர் போட்ட பிறகும் ஃபோகஸைச் சரிபார்க்கலாம், டி70இல் அந்த வசதி இல்லை. ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8 என்று வைத்து, டி70 மாதிரிக் கமராவில் ஒரு செக்கனில் தொடங்குங்கள். புதிய கமராக்களில் 10 முதல் 30 செக்கன் வரை போகலாம். வெள்ளைச் சமநிலையைப் பில்டர் போட்டபடி வெயில் பட்ட புல்லைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரையில் பீட்ரூட் சாறு ஊற்றினது போலத்தான் படம் தெரியும். கட்டாயம் ரோ ஃபைல், அதாவது கமரா திருத்தாத மூலக்கோப்பு. 720இல் சிவப்புத்தான் முதலில் நிரம்பி வழியும். உங்கள் கமராவில் மூன்று நிற ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டுகிற வரைபடம்) இருந்தால் சிவப்பை மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு நுணுக்கம். காலைத் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும்போது வானத்து முகில் தண்ணீரில் வெள்ளையாக விழும். படத்தில் அது சல்வீனியாத் திட்டு மாதிரியே இருக்கும். தண்ணீரில் விழுகிற அக்கரை மரத்தின் பிம்பமும் அப்படித்தான். சாட்சிப் படத்துக்கு முகிலில்லாத வானம் நல்லது. முகில் வந்துவிட்டால் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு படம் எடுங்கள். இடம் மாறினது முகில், மாறாதது செடி. சல்வீனியாவும் காற்றுக்கு ஒதுங்கும் என்பதால் காற்றின் திசையையும் கொப்பியில் போட்டுவிடுங்கள்.

மனிதர் இல்லாத குளப் படம் எனக்குப் பிடிக்காது. அத்தாங்கு, கரப்பு, வீச்சு வலை என்று மீன் பிடிக்க அங்கே காலையில் யாராவது இருப்பார்கள். ஒரு தோணிக்கார அண்ணனிடம் கேட்டேன், முன்னும் பின்னும் கம்பு குத்தித் தோணியைக் கட்டிவிட்டு நடுவில் குந்தியிருந்தார். "அண்ணே, மூச்சு விடுங்க, தோணிய மட்டும் அசைக்காதீங்க" என்று கரையிலிருந்து கத்த வேண்டியிருந்தது. அகச்சிவப்பில் தோல் வெளுத்து மெழுகு பூசினது போல வரும், ஆகவே முகத்தை நெருங்கி எடுக்காமல் தூரத்து உருவமாக வையுங்கள். கறுப்புத் தண்ணீரில் வெளிறிய உருவம் நன்றாகவே தெரியும். பறக்கிற கொக்கு படத்தில் விழாது, பட்ட மரத்தில் செட்டை விரித்துக் காய்கிற நீர்க்காகம் விழும்.

எடுத்து முடிந்ததும் திரையை அந்த அண்ணனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு நகத்தால் ஒரு கோடு இழுத்தார். "தம்பி, இந்தக் கறுப்புத்தான் தண்ணி. இதுக்குள்ளதான் என்ட தோணி போகும். இந்த வெள்ளைக்குள்ள போனா வலை வராது, செடிதான் வரும்." பிறகு கறுப்பின் ஒரு முனையைக் காட்டி அங்கே ஒரு மடு இருக்கிறது, கோடையில் விராலெல்லாம் அதற்குள் போய்க் கிடக்கும் என்றார். அதையும் கொப்பியில் எழுதினேன். படம் எடுத்த அன்றே இப்படியான ஆளிடம் காட்டி, எந்த மூலைக்கு என்ன பெயர், எங்கே ஆழம், எது முன்பு தண்ணீராக இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தகவல் கமராவில் வராது.

வீட்டில் வேலை குறைவு. நான் ரோதெரப்பீ, கிம்ப் என்ற இரண்டு மென்பொருளும் பாவிக்கிறேன், இலவசம். லைட்ரூமில் வெள்ளைச் சமநிலை 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, தனி ப்ரொஃபைல் செய்யாமல் சரிவராது. சாட்சிப் படத்துக்குச் சிவப்புச் சனலை (படத்தின் சிவப்புப் பகுதி) மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் போதும். சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி வானத்தை நீலமாக்குகிற வித்தை உண்டு: சனல் மிக்சரில் சிவப்புக்கு நீலம் 100, நீலத்துக்குச் சிவப்பு 100, சொந்த நிறம் இரண்டிலும் 0. கலண்டருக்கு நன்றாக இருக்கும். கறுப்புத் தண்ணீரை வெளிச்சமாக்கி உள்ளே விபரம் தேடாதீர்கள், அங்கே வெறும் புள்ளி இரைச்சல்தான் இருக்கிறது. பெப்ரவரிப் படத்துக்குச் செய்த அளவுகளைச் சேமித்து ஓகஸ்டுக்கும் அதையே போடுங்கள். படத்துக்குப் படம் அளவு மாறினால் ஒப்பிட முடியாது.

உங்களுக்கு முந்திய காலம் வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும். லான்ட்சாட் செய்மதிகள் 1972 முதல் இதே அகச்சிவப்பில் பூமியை எடுத்து வருகின்றன, படங்கள் 2008 முதல் இலவசம். 1980களுக்குப் பிந்தியவற்றில் ஒரு புள்ளி 30 மீற்றர், ஆகவே சின்னக் குளம் சில கட்டங்களாகத்தான் தெரியும். 2015இல் ஏவின சென்டினல்-2 செய்மதியில் ஒரு புள்ளி 10 மீற்றர். அங்கேயும் தண்ணீர் கறுப்புத்தான். துருசில் நின்று எடுத்த படத்தையும் மேலிருந்து எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

கடைசி வேலை பிரிண்ட். ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். கலரும் அகச்சிவப்பும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே தாளில், கீழே திகதி, நேரம், நீர்மட்டம், திசை. ஒரு பிரதி உங்களிடம், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று கமக்காரர் அமைப்புக்கு. குளத்துக்குக் கீழே 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயல் என்றால் பொதுவாக அது சிறு குளம், கமநல சேவை நிலையத்தில்தான் கேட்க வேண்டும். பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஒரு படத்தோடு போனால் வேறு ஏதோ காரணம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு பெப்ரவரிகளையும் இரண்டு ஓகஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள், மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்த பிரதிக்கு ஒப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.